பொம்மைக் காசு தேடி ஜமுனாமரத்தூருக்கு

ஆரணியில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று மற்றவர்கள் கோவிலுக்கோ மாமியார் வீட்டுக்கோ போவார்கள். நான் காசு பார்க்கப் போவேன். பங்குனி மாதத்துச் செவ்வாய் ஒன்றில் காலை ஆறு மணிக்குப் போளூர் பேருந்தில் ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். பையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஜோடி பருத்திக் கையுறை, தண்ணீர் பாட்டில், ஓர் உறையில் ஆறாயிரம் ரூபாய். போய்ச் சேர வேண்டியது ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர். அங்கே நான் பார்க்க வேண்டியது பல்கேரியா நாட்டின் பெயரில் அடித்த எட்டுக் காசுகள்.

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள், ஏரியில் படகு விடுவார்கள், தேனும் சாமையும் வாங்கி வருவார்கள். ஐரோப்பியக் காசு பார்க்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதிலும் அது செல்லுபடியாகாத காசு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் நான் ஏதோ புதையலுக்குப் போனதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாடு தன் பணத்தை மாற்றப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் காசு எப்படி இருக்கும் என்று பார்க்க அரசே சில காசுகளைச் சோதனைக்காக அடித்துப் பார்க்கும். அவை மாதிரி நாணயங்கள். அரசு கேட்காமலே, அந்த நாட்டின் பெயரைப் போட்டுத் தனியார் அடித்து விற்பவை கற்பனை நாணயங்கள். கல்யாணம் நிச்சயமாகும் முன்பே பத்திரிகை அடித்த கதைதான். யூரோவுக்கு மாறக் காத்திருந்த நாடுகள் ஒவ்வொன்றின் பெயரிலும் இப்படி எட்டெட்டுக் காசாக அட்டையில் பதித்து விற்றிருக்கிறார்கள். அவற்றைக் கொடுத்து எந்தக் கடையிலும் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. எனக்கு அவைதான் பிடிக்கும். புழங்கிய காசில் ஆயிரம் பேருடைய கை இருக்கிறது. இவற்றுக்கு நடந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை மட்டும்தான் இருக்கிறது.

என் தொகுப்பில் பல்கேரியாவுக்கான எட்டுக் குழிகள் பல வருடங்களாகக் காலி. வெளிநாட்டு ஏலங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் யாராவது தட்டிக்கொண்டு போனார்கள். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பல்கேரியா தன் பழைய பணமான லெவ்வை விட்டு யூரோவுக்கு மாறியும் விட்டது. அதற்குப் பிறகு ஒருநாள், எங்கள் நாணயச் சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அட்டை, அதில் எட்டுக் காசுகள், இரண்டு யூரோவில் ஒரு ரோஜாப்பூ. கீழே ஒரு கேள்வி: இது நல்ல காசா? அனுப்பியவர் கோபால், ஜமுனாமரத்தூர்.

தொலைபேசியில் பேசினோம். அவருக்கு அடிவாரத்தில் கலசப்பாக்கம் பக்கம் சொந்த ஊர். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர். அங்கிருந்து பல்கேரியாவில் ஒரு ஷூ தொழிற்சாலைக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு மார்கழியில் திரும்பியவர். இப்போது மனைவியோடு மலைமேல் புளி வியாபாரம். ஆறாயிரம் தருகிறேன் என்றேன். காசுகளைக் கையால் தொடக்கூடாது, அட்டையிலிருந்து எடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். “தொடவே மாட்டேன் சார்” என்றார்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் போளூரில் ஜமுனாமரத்தூர் பேருந்து. நாற்பது கிலோமீட்டர் சொச்சம், முப்பத்தெட்டு ரூபாய். அத்திமூர் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. பேருந்து முனகிக்கொண்டே ஏறியது. சாலையின் இருபுறமும் புளியமரங்கள். அடியில் துணி விரித்து, மேலே ஏறி ஒருவர் உலுக்க, கீழே இருவர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் காலிச் சாக்குகளை மடித்து மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் போளூர் சந்தையில் புளி விற்பவர். மேலே போய் வாங்கிவரப் போகிறாராம்.

“மலப்புளிக்கும் கீழப்புளிக்கும் இன்னாங்க வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“இது சுருக்குனு புளிக்கும் சார். கொழம்புக்குப் பாதி போட்டா போதும். பித்தள குண்டான் வெளக்க ஒரு கிள்ளு போதும், மூஞ்சி தெரியும்” என்றார். நான் கண்ணாடிக்காரன், புளியைப் பற்றி அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை.

ஒன்பதேகால் மணிக்கு ஜமுனாமரத்தூர். ஆரணியில் அந்நேரத்துக்கு விசிறி போட்டிருப்பார்கள்; இங்கே காற்றிலேயே விசிறி இருந்தது. டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துவிட்டு, நின்றிருந்த ஆட்டோக்காரரிடம் கோபால் வீடு, புளி வியாபாரம் என்றேன். ஏழுமலை என்பது அவர் பெயர்; ஆட்டோவின் முன்கண்ணாடியில் எழுதியிருந்தது.

“எந்த கோபால் சார்? இங்க நாலு கோபால் கீறாங்க.”

“வெளிநாட்டுல இருந்து வந்தாரே.”

“அட, பொம்மக்காசு கோபாலா! ஏறுங்க, எம்பது ரூவா.”

மூன்று கிலோமீட்டர் போவதற்குள் ஏழுமலை கதையைச் சொல்லி முடித்துவிட்டார். பல்கேரியாவை விட்டுக் கிளம்பும் முன் கோபால் அங்கே ஞாயிறு சந்தையில் நூறு லெவ் கொடுத்து இந்த அட்டையை வாங்கியிருக்கிறார். நம் பணத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். புது வருடத்திலிருந்து இதுதான் இந்த நாட்டுக் காசு, முதலில் அடித்தது, பிறகு விலை ஏறும் என்று விற்றவன் சொல்லியிருக்கிறான். இங்கே வந்து தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார். பொங்கல் கழிந்து மச்சானை அழைத்துக்கொண்டு வேலூரில் பணம் மாற்றும் கடைக்குப் போனால், அங்கிருந்தவர் ஒரே பார்வையில் திருப்பித் தள்ளிவிட்டார்: இது பொம்மைக் காசு. மச்சான் அந்தப் பேச்சை வேலூரிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

“அதுலேர்ந்து பேரே அதான் சார். ரேஷன் கடையில கூட, பொம்மக்காசு வந்துட்டான் வழி வுடுன்றாங்க. பாவம், சந்தைக்கே வர மாட்டேன்றான். எடை போடறதுலாம் பொண்டாட்டிதான். ஒரு பெரிய ஆளு ஆரணிலேர்ந்து அந்தக் காச வாங்க வர்றாருன்னு ரெண்டு நாளா சொல்லிகினு கீறான். எவனும் நம்பல. நீங்கதானா அது?”

நான்தான் என்றேன். திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். பெரிய ஆளுக்கு உரிய உடம்பு என்னிடம் இல்லை.

ஓட்டு வீடு, முன்னால் மண் மெழுகிய களம். களம் முழுக்கப் புளி காய்ந்தது. ஒரு பக்கம் ஓடு, ஒரு பக்கம் கொட்டை, நடுவில் சாக்கு மூட்டைகள். கோபாலுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு நாட்டுக்கோழியோடு சைக்கிளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சாப்பாடு போட என்று காலையிலேயே பக்கத்து ஊருக்குப் போய் வாங்கி வருகிறாராம். ஆட்டோ இன்னும் கிளம்பாமல் நிற்பதைப் பார்த்து, சற்று உரக்கவே, “வாங்க சார், ஆரணிலேர்ந்து வர்றீங்களா!” என்றார். ஏழுமலை கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபால் பல்கேரியாவைப் பற்றிச் சொன்னார். பனியில் காலுறை மூன்று போட்டதும், தயிர் மட்டும் நம் ஊர் போலவே இருந்ததும், கடைசி மாதங்களில் கடைகளில் எல்லாப் பொருளுக்கும் பழைய பணத்தில் ஒன்று, புதுப் பணத்தில் ஒன்று என்று இரண்டு விலை எழுதி ஒட்டியிருந்ததும். “எல்லாரும் புதுக் காசு புதுக் காசுன்னே பேசிகினு இருந்தாங்க சார். அது வர்றத்துக்கு முன்னயே எங்கிட்ட வந்துடுச்சின்னு நெனச்சிட்டேன்” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நானும் அந்த ஆசையில்தான் முப்பது வருடமாகக் காசு வாங்குகிறேன்.

பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, “பார்க்கலாமா?” என்றேன்.

கோபால் எழுவதற்குள் அவர் மனைவி மல்லிகா உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை. வெற்றிலைமேல் எட்டுக் காசுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள், அதன்மேல் குங்குமம். தட்டும் காசும் ஒரே மாதிரி மின்னின.

காசைத் துடைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்துத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் காசு வேறு. அடித்த அன்றைக்கு அதன்மேல் இருக்கும் மெல்லிய பளபளப்பு ஒருமுறை போனால் போனதுதான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். செம்புக் காசு மூன்றும் புளிப் பட்டு, தோலுரித்த மாதிரி வெளிறிய சிவப்பாகிவிட்டன. ரோஜாப்பூவின் இதழ் முழுக்கச் சாம்பல் தேய்த்த கீறல். அட்டை எங்கே என்று கேட்டேன். பிளாஸ்டிக் பிரிய மாட்டேன் என்றதால் அரிவாள்மணையில் வைத்து அறுத்தேன் என்றார் மல்லிகா.

“நல்லா இருக்குதாங்கண்ணா?” என்று கேட்டார்.

நான் பூதக்கண்ணாடியை அடுத்த காசுக்கு நகர்த்தினேன். நான் ரசிக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலும்.

“இவரு காலைல கோழி வாங்கப் போனப்பதான் டிரங்குப் பொட்டிலேர்ந்து எடுத்தேன். இத்தினி நாளா நான் அத்த பாக்கறதேயில்ல. பொம்மக்காசுன்னு ஊரு சொல்றத்துக்கு முன்ன நான் சொல்லிட்டேன், அவ்ளோ பேசிட்டேன் இவர. இப்ப இதுக்காவ ஒருத்தரு ஆரணிலேர்ந்து பஸ் ஏறி வர்றாருன்னா இது காசுதானே? வூட்ட வுட்டுப் போற லட்சுமிய அழுக்கோட அனுப்பலாமா? அதான் நல்லா புளி போட்டு வெளக்கி பொட்டு வெச்சேன்.”

பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வரும்; கடை வைத்திருக்கிறேன். ஆனால் கோபால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையால்கூடத் தொடாதீர்கள் என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. அதனால் உள்ளதைச் சொன்னேன். சேகரிப்பவர்கள் துடைத்த காசை வாங்க மாட்டார்கள். இப்போது இதற்கு முந்நூறு, நானூறு கிடைத்தால் அதிகம்.

மல்லிகா தட்டைப் பிடித்த கையை இறக்கவே இல்லை. “அப்ப நான் கெடுத்துட்டனா?” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “நீ ஏன்யா எங்கிட்ட சொல்லல?” என்றார்.

“காசுன்னு வாயத் தொறந்தா நீதான் சண்டைக்கு வர்றியே” என்றார் கோபால். “அதான் அந்தப் பேச்சே எடுக்கல.”

களத்தில் கோழி காலைக் கட்டிப் போட்ட இடத்தில் கிடந்து கத்தியது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எட்டுக் குழிகள் ஞாபகத்துக்கு வந்தன. இனி ஏலத்தில் எப்போது வருமோ, வந்தாலும் எனக்குக் கிடைக்குமோ. கீறல் விழுந்தால் என்ன, என்று ஒரு கெட்ட எண்ணம் எழுந்தது. நாணயக்காரனுக்குக் கெட்ட எண்ணம் என்றால் இதுதான். உறையை எடுத்து நீட்டினேன். “பரவாயில்ல. சொன்னது ஆறாயிரம், அதையே வெச்சுக்குங்க. எனக்கு வேணும்” என்றேன்.

இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. உண்மையிலேயே எனக்கு வேண்டியிருந்தது.

மல்லிகா தட்டை என் பக்கம் நீட்டினார். கோபால் குறுக்கே கை வைத்துத் தட்டை வாங்கிக்கொண்டார்.

“வேணாம் சார்.”

“ஏங்க? முழுசாதான் தர்றேன்.”

“தெரியுது சார். நான் இத்த எடுத்துகினு வந்த நாளா இவ கையால தொட்டதில்ல. அந்தப் பொட்டியத் தொறக்கறப்போகூட மூஞ்சத் திருப்பிக்குவா. இன்னிக்கி எடுத்து, வெளக்கி, பொட்டு வெச்சிருக்கா.” தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஆறாயிரத்துக்கு இத்த குடுத்துட்டு நான் இன்னா பண்றது சார்? குடுக்கறதில்ல.”

“லூசாய்யா நீ” என்றார் மல்லிகா. “ஆறாயிரம்யா!” குரல் மட்டும்தான் திட்டியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கோழியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். கோபால் தட்டை உள்ளே சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு வந்து, புளி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். நான் மாட்டியிருந்த கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினேன். ஒன்றையும் தொடாமல் கழற்றுவது அதுதான் முதல் தடவை.

பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. கோழிக் குழம்பு, சாமைச் சோறு. காசைப் பற்றி யாரும் பேசவில்லை. மல்லிகா சமையலறையிலிருந்து கோபாலிடம் உப்புப் போதுமா என்று கேட்டார், கோபால் போதும் என்றார், மறுபடி கேட்டார், மறுபடி போதும் என்றார். காலையிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதில் அதுதான் அதிகம். கிளம்பும்போது இரண்டு கிலோ கொட்டை எடுத்த புளியைப் பனையோலையில் கட்டிக் கொடுத்தார்கள். காசு வாங்க மாட்டோம் என்றார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை என் பணம் அந்த வீட்டில் செல்லாமல் போயிற்று.

இரண்டேகாலுக்கு ஏழுமலை வந்தார். நான் சொல்லி வைத்திருந்தேன். வண்டி திரும்புவதற்குள்ளேயே கேட்டார்.

“இன்னா சார், பொம்மக்காச வாங்கிட்டீங்களா?”

“இல்லீங்க. குடுக்க மாட்டேன்னுட்டாரு.”

“குடுக்க மாட்டேன்னானா? எவ்ளோ கேட்டீங்க?”

“ஆறாயிரம்.”

வண்டியின் வேகம் குறைந்தது. “ஆறாயிரம் குடுத்துமா?”

“கையில எடுத்து நீட்டினேன். வாங்கல.”

புளியையும் சாம்பலையும் பற்றி நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. மீதி வழி முழுக்க ஏழுமலை வண்டியை விரட்டினார்.

பேருந்துக்கு அரைமணி நேரம் இருந்தது. காலையில் குடித்த கடையிலேயே டீ சொன்னேன். நான் சூடு ஆற்றிக்கொண்டிருக்கும்போதே ஏழுமலை அங்கிருந்த நாலைந்து பேரிடம் ஆரம்பித்துவிட்டார். “தோ, அந்த சார்தான். ஆரணிலேர்ந்து வந்து ஆறாயிரம் எடுத்து வெச்சிருக்காரு. முடியாதுன்னுட்டான்.”

“யாரு?” என்றார் டீ போட்டுக்கொண்டிருந்தவர்.

“நம்ம கோபால். தெரியாது? பல்கேரியா கோபால்.”

டீக்கடைக்காரர் தலையாட்டினார். யாரைச் சொல்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு டீ நன்றாக இருந்தது. இன்னொன்று சொன்னேன்.

மூன்று மணிப் பேருந்தில் மலை இறங்கினேன். இறக்கத்தில் பேருந்து முனகவில்லை. எனக்குத்தான் காது அடைத்தது. ஆரணிக்கு வந்து சேரும்போது ஆறரை. சட்டைகூட மாற்றாமல் மேசையில் தொகுப்பை எடுத்துப் பிரித்தேன். நாடு நாடாகப் பக்கங்கள், எல்லாம் அடித்த அன்று இருந்த மாதிரியே. ஒரு விரல் ரேகை கிடையாது. பல்கேரியாப் பக்கத்தில் எட்டு வட்டக் குழிகள். ஒன்றும் குறைந்துவிடவில்லை, காலையில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஆனாலும் பார்க்கப் பொறாமையாக இருந்தது. குழிகளைப் பார்த்தல்ல, அந்தப் பித்தளைத் தட்டை நினைத்து.

என் மனைவி வசந்தா புளிக்கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “கிடைச்சுதா?” என்று அறை வாசலில் நின்று கேட்டாள். எப்போதும் அங்கே நின்றுதான் கேட்பாள். அதற்கு உள்ளே காசுகள் இருக்கின்றன. கை படக்கூடாது, தூசு படக்கூடாது என்று கல்யாணமான புதிதில் நான் சொன்னது. அவள் அதை மீறியதே இல்லை. எங்கள் வீட்டில் காசுகள் நன்றாக இருக்கின்றன.

“கிடைக்கல” என்றேன். விளக்கைப் போட்டு, நாற்காலியை ஒதுக்கி, “நீ வந்து பாரேன்” என்றேன்.

கையைப் புடைவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசைக்கு ஓர் அடி முன்பே நின்றுவிட்டாள்.

“தொடலாமா?” என்று கேட்டாள்.